கடைத் தொட்டியில் கெளுத்தி மீன் வெளுப்பது ஏன்?



வற்றல், மல்லி, மஞ்சள் என்று எழுதி வந்த நாம் இந்த முறை மீன் தொட்டியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைத்திருக்கும் கடைகள் திருவிடைமருதூரில் நமக்குத் தெரிந்தே பல உண்டு. வாஸ்து என்று சிலர் வைக்கிறார்கள். சாமான் வாங்க வருபவர்களின் குழந்தைகள் அழாமல் நிற்கட்டும் என்று சிலர் வைக்கிறார்கள். மீன் தீனிப் பாக்கெட்டையும் ஷாம்புச் சரம் போலத் தொங்கவிட்டு விற்கிறோம். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நமது கடையிலும் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்தோம். அடியில் மேய்ந்து திரியும் சிறு கெளுத்தி நான்கு வாங்கி விட்டோம். பார்வையாக இருக்கட்டும் என்று அடியில் வெள்ளைக் கல் பரப்பி, மேலே பெரிய விளக்கும் போட்டோம். பத்தே நாளில் நான்கும் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிட்டன. மீன் விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "மூன்று நாளில் கலர் வந்துவிடும் ஐயா" என்று ஒரு புட்டி மருந்து கொடுத்தார். கலர் வரவில்லை, இரண்டு மீன் செத்தது. கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. மற்ற மீனுக்கு ஊற்றும் அளவு மருந்தை அது தாங்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அதன் பிறகு சென்னை கொளத்தூருக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது, வண்ண மீன் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்களில் நாலு பேரிடம் விசாரித்தோம். புத்தகங்களும் வாங்கிப் படித்தோம். அதில் தெரிந்ததைச் சொல்கிறோம்.

மீனின் தோலில் நிறத்தை வைத்திருக்கும் நுண்ணிய அறைகள் உண்டு. கறுப்பும் பழுப்பும் ஒரு வகை அறையில், மஞ்சளும் சிவப்பும் வேறு வகையில். கறுப்புச் சாயத்தை மீன் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. வெள்ளைத் தரையில் நின்றால் அந்தச் சாயம் அறையின் நடுவில் சுருண்டுகொள்ளும், மீன் வெளுத்துத் தெரியும். கறுப்புத் தரையில் நின்றால் சாயம் விரியும், மீன் கறுக்கும். கொக்கின் கண்ணுக்குத் தப்ப இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. காவிரி மணலில் பிடித்த கெளுத்தி வெளிறியும், குளத்துச் சேற்றில் பிடித்தது கறுத்தும் இருப்பதை நம் வயதுக்காரர்கள் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறோம். பார்த்தும் அதைத் தொட்டியோடு சேர்த்து யோசிக்கவில்லை.

இந்த மாற்றம் சில நிமிடத்தில் வந்து சில மணியில் போகும். ஆனால் வாரக்கணக்கில் வெள்ளைக் கல்லின் மேலேயே இருந்தால் நிற அறைகளே குறைந்துவிடும். அப்போது திரும்பி வரவும் வாரங்கள் ஆகும். ஆக, முதல் வைத்தியம் வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டுக் கருநிறக் கல் அல்லது ஆற்று மணல் போடுவது. கல் கூர்மையாக இருக்கக் கூடாது, மீசை தேய்ந்துவிடும். ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டுத் துண்டோ சிரட்டையோ வையுங்கள். கெளுத்தி இருட்டு விரும்பி. மறைவிடம் இல்லாவிட்டால் பயத்திலேயே வெளுக்கும்.

மஞ்சள், சிவப்பு விஷயம் வேறு. அந்தச் சாயத்தை எந்த மீனும் தானாக உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும். கோடியக்கரைக்கு வரும் பூநாரைக்கு இளஞ்சிவப்பு வருவதும் அது தின்னும் சிறு உயிர்களால்தான். மேல்நாடுகளில் பண்ணையில் வளரும் சால்மன் மீனுக்குத் தீனியில் இந்தச் சாயம் சேர்க்காவிட்டால் அதன் சதை சாம்பல் நிறமாக இருக்கும். கரோட்டினாய்டு என்பது இந்த வகையின் பெயர். நம் வற்றலின் சிவப்பும் இதே குடும்பம்தான்! வற்றல் மூட்டையை வெயில் படும் முகப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டூரில் வற்றலைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்குவது எதற்காக? வெளிச்சமும் காற்றும் சூடும் இந்தச் சாயத்தைத் தின்றுவிடும். மீன் தீனியிலும் அதேதான் நடக்கும். பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, வாசலில் வைத்து ஐந்துக்கும் பத்துக்கும் நிறுத்துக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உருண்டை சிவப்பாகத் தெரிவது வெறும் மேல்சாயமாகவும் இருக்கலாம். மாவட்டத் தலைநகரில் வாங்கினாலும் நம்மூரில் வாங்கினாலும் தேதி பார்த்து, சிறு பாக்கெட்டாக வாங்கி, நிழலில் மூடி வைத்து விற்பதே முறை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கெளுத்திக்கு உள்ள நிறம் பெரும்பாலும் கறுப்பும் பழுப்பும். ஆகவே "கலர் தரும்" என்று அச்சடித்த தீனி தங்க மீனுக்குக் காட்டும் வித்தியாசத்தைக் கெளுத்திக்குக் காட்டாது. அதற்கு வேண்டியது வயிறு நிறைவதுதான். மிதக்கும் உருண்டையை மேலே உள்ள மீன்கள் தின்றுவிடும், அடியில் கிடக்கும் இது பட்டினி. மூழ்கும் தீனியை இரவு விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். இறால் துணுக்கும் தரலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீனுக்கு வெள்ளரித் துண்டு போதும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் தண்ணீர். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதைப் படிப்படியாக மாற்றி விஷத்தைக் குறைக்கும். புதுத் தொட்டியில் அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் கடைகளில் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை கடை கழுவும்போது தொட்டியையும் கவிழ்த்து, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசிப் பளபளப்பாக்குகிறோம். கிருமிகள் அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அப்படிச் செய்யாமல் வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். பஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்னொன்று. காற்று மோட்டார் கடைக்குள் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கரப்பான் மருந்து, கொசு மருந்து வகைகளில் சேரும் பைரெத்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். மருந்து அடிக்கும் இரவில் மோட்டாரை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் ஓடவிடுங்கள்.

சில மீனுக்கு வைத்தியமே தேவையில்லை. சிவந்த கண்ணோடு வெள்ளையாக விற்கும் கெளுத்தி பிறவியிலேயே அப்படித்தான், எது கொடுத்தாலும் கறுக்காது. "ஷார்க்" என்று விற்கும் குட்டியும் கெளுத்தி இனமே. வளர வளர அதன் கோடுகள் மங்கிவிடும். மூன்றடிக்கு மேல் வளரக்கூடியதை இரண்டடித் தொட்டிக்கு வாங்கியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

வெளுத்த மீன், வளர்ந்த மீன் வேண்டாம் என்று கோயில் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது. சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கரையைக் குடைந்து முட்டையிடும், நம் மீன்களின் இரையையும் எடுத்துக்கொள்ளும். கொல்கத்தா பக்கத்து நீர்நிலைகளில் இப்படித் தொட்டியிலிருந்து போனவை பெருகி, மீனவர் வலையில் விலை போகாத சரக்காக வந்து விழுகின்றன. காவிரிப் பாசனத்தில் வாய்க்கால் கரை குடையப்பட்டால் நட்டம் யாருக்கு என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காவிட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

நம்மிடம் மிஞ்சிய இரண்டு கெளுத்திக்கும் கருங்கல் பரப்பி, விளக்கைக் குறைத்து, ஆறாவது வாரம் பழுப்பு திரும்பியது. மருந்துப் புட்டி இன்னும் அலமாரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.