சுருங்கும் குழாயும் உம்மாவின் பிளாஸ்கும்

வாப்பா கடலுக்குப் போகும் நாட்களில் உம்மா பிளாஸ்கில் நேரே தேத்தண்ணியை ஊற்ற மாட்டார். அரைக் கோப்பை சுடுதண்ணீர் விட்டு, சுழற்றிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவார். "இல்லாட்டி கண்ணாடி வெடிச்சிரும்" என்பார். உயர்தரத்தில் வெப்ப விரிவும் யங்கின் மட்டும் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ஏன் வெடிக்கும் என்று யோசித்தேன்.

பிளாஸ்கில் இரண்டு சுவர்கள், நடுவே வெற்றிடம். ஜேம்ஸ் டூவர் 1892 இல் இதைச் செய்தார். இரண்டு சுவர்களும் வாயருகில் மட்டுமே ஒட்டியிருக்கின்றன. ஆகவே உள்சுவர் சூடாகி நீண்டாலும் கீழே இடமுண்டு. இதையே நீண்ட குழாயாக்கி இரு முனைகளையும் ஒட்டிவிட்டால்?

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ரொக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறது. 2014 ஜனவரி 5 ஆம் திகதி ஜிஎஸ்எல்வி-டி5 ரொக்கெட்டைக் கொண்டுசென்ற கடுங்குளிர் இயந்திரமும் அங்கு சோதிக்கப்பட்டதே. அதன் எரிபொருள் திரவ ஐதரசன், -253 பாகை செல்சியஸ். அதைக் கொண்டுசெல்ல வெற்றிடமுள்ள இரட்டைச் சுவர்க் குழாய்கள் வேண்டும். உள்குழாய் அந்தக் குளிரில், வெளிக்குழாயோ வெயிலில்.

எவர்சில்வர் உருக்கு அவ்வளவு குளிர்ந்தால் மீற்றருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் சுருங்கும். 10 மீற்றர்க் குழாய் 30 மில்லிமீற்றர். வெளிக்குழாய் அசையாமல் பிடித்துக்கொண்டால் விகாரம் 0.003. யங்கின் மட்டு 200 கிகாபாஸ்கல். பெருக்கினால் தகைப்பு 600 மெகாபாஸ்கல்! பத்தின் அடுக்கில் பிழைவிட்டேனோ என்று இரண்டு தடவை திரும்பச் செய்தேன். விடை சரிதான். சாதாரண எவர்சில்வர் அறை வெப்பநிலையில் சுமார் 200 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

தடிப்பான குழாய் போட்டால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெருக்கலில் தடிப்பும் இல்லை, நீளமும் இல்லை. தடிப்பைக் கூட்டினால் உள்குழாய் வெளிக்குழாயை இழுக்கும் விசைதான் கூடும், வெளிக்குழாய் நெளிந்துபோகலாம். அதனால் இரண்டையும் தனித்தனியே அல்லாமல் சேர்த்தே கணிக்க வேண்டும்.

வழி, பலப்படுத்துவதல்ல; அசைய விடுவது. துருத்திபோல் மடிப்புள்ள துண்டொன்றை இடையில் வைப்பார்கள், அல்லது குழாயை வளைத்துக் கொண்டுபோவார்கள். உள்குழாயைத் தாங்கும் முட்டுகள் அதை வழுக்கிச் செல்ல விட வேண்டும். முட்டு அதிகமானால் அவற்றின் வழியே வெப்பம் உள்ளே வரும். குறைந்தால் குழாய் தொய்யும். துருத்தியிலும் சிக்கல் உண்டு. அதன் சுவர் மெல்லியது, பல தடவை சுருங்கி விரிந்தால் வெடிக்கும்.

இன்னொன்று, திரவத்தை ஒரேயடியாக விடக்கூடாது. அது அடியில் ஓடும்போது அடிப்பக்கம் முதலில் சுருங்கும், மேற்பக்கம் சூடாகவே இருக்கும், குழாய் வில்லாக வளையும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்விப்பார்கள். உம்மாவின் அரைக் கோப்பைச் சுடுதண்ணீரும் இதே வேலையைத்தான் மறுபக்கமாகச் செய்கிறது.

வெற்றிடம் போய்விட்டால் வெளிக்குழாயில் உறைபனி படியும். எங்கள் பிளாஸ்கின் வெளிப்புறம் சில நாட்களாகக் கையில் சுடுகிறது. வாப்பாவுக்குப் புதியதொன்று வாங்க வேண்டும்.