பழைய வண்டிப் பழக்கம் – 9: பெட்டிக்குள் ஒரு மேடு

டயர்க் காற்றையும் சக்கர பேரிங்கையும் சென்ற வாரம் பார்த்து முடித்தோம். அவ்விரண்டிலும் குறையில்லை என்று தெளிந்தவர்கள் மட்டும் மேலே வாசிக்கலாம். கிங்பின்னையும் அம்பாசிடரின் ராக் ஸ்டீயரிங்கையும் இந்த இதழில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். இடையில், கொள்ளேகாலில் ஒரு பட்டறையில், பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் பெஞ்சின் மேல் வைத்திருந்த பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதனுள் கண்ட ஒரு சூட்சுமம், ஸ்டீயரிங் ஆட்டத்தைப் பற்றிய நம்முடைய விசாரணை முழுவதற்குமே ஆதாரமாக இருப்பதால், அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

பழைய வண்டியின் குணதோஷங்களைப் பரீட்சிக்கக் கொள்ளேகாலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் அமைவது அரிது. 1956-ஆம் ஆண்டு நவம்பரில் ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் அந்தத் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவை விட்டு மைசூரோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவில் இருக்கிறது. நிர்வாகம் கைமாறியதே தவிரச் சாலைகள் கைமாறவில்லை. சாமராஜநகரையும் ஆசனூரையும் கடந்து, 27 கொண்டையூசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை வழியாகப் பண்ணாரிக்கு இறங்கலாம். ஹனூர், இராமாபுரம் வழியே சென்று பர்கூர் மலையைக் கடந்து அந்தியூர் சேரலாம். மாதேசுவரன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கும் ஹனூர்ச் சாலைதான். ஆகவே, ஒரே நாளில் நெடிய நேர்ச்சாலையிலும், அடுத்தடுத்துத் திரும்பும் மலைப்பாதையிலும் ஓடித் திரும்புகிற வண்டிகள் அவ்வூரில் ஏராளம்.

அப்படிப்பட்ட வண்டிக்காரர் ஒருவர் அந்தப் பட்டறையில் சொன்ன புகார்தான் என்னை இந்த வாரம் முழுவதும் ஆட்கொண்டிருந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறதென்றும், சமவெளிக்கு வந்து நேராக ஓட்டத் தொடங்கியதும் வண்டி இடமும் வலமுமாக அலைகிறதென்றும் அவர் சொன்னார். கடினமான இடத்தில் ஒழுங்காயிருந்து சுலபமான இடத்தில் தடுமாறுவது விபரீதமாகத் தோன்றலாம். உண்மையில், தேய்ந்த ஸ்டீயரிங்கின் லட்சணமே அதுதான்.

காரணத்துக்குப் போகுமுன் அளவைச் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, மூன்று சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் நீங்கலாக எல்லா வண்டிகளுக்கும், ஸ்டீயரிங் சக்கரத்தில் 30 பாகைக்கு மேல் வெற்று ஆட்டம் இருக்கலாகாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் அது விளிம்பில் 10 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை அது. ஓட்டுகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய எல்லையன்று. அதில் பாதி இருந்தாலும் எதிரே லாரி வரும் குறுகிய சாலையில் கை ஓயாது. ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, அதற்கு நேரே டாஷ்போர்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முன்சக்கரங்கள் அசையாத அளவுக்கு மட்டும் இருபுறமும் திருப்பி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளக்காமல் தொடங்குகிற ரிப்பேருக்கு முடிவும் தெரியாது, பலனும் தெரியாது.

அளந்த பிறகு பெரும்பாலோர் செய்வது என்ன? நேராகப் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்ட் திருகுக்குப் போய், அதைக் கால் சுற்று இறுக்கிவிட்டு, ஆட்டம் குறைந்ததென்று திருப்தியடைகிறார்கள். ஸ்டீயரிங் தொடரில் இருக்கிற இத்தனை இணைப்புகளில், ஸ்பேனரை எடுத்துத் திருப்பினால் உடனே கைக்குப் பலன் தெரிகிற இடம் அது ஒன்றுதான் என்பதாலேயே, செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதுவே தண்டனை பெறுகிறது. ஆட்டம் என்பது எப்போதும் ஒரு கூட்டுத்தொகை: பாக்ஸில் சிறிது, டிராக் லிங்கில் சிறிது, டை ராட் எண்டுகளில் சிறிது, கிங்பின்னில் சிறிது எனச் சேர்ந்ததே கையில் பெரிதாகத் தெரிகிறது. பிற இடத்துத் தேய்மானத்துக்கு ஈடாகப் பாக்ஸை இறுக்குகிறவர், தேய்ந்த உறுப்பை அப்படியே விட்டுவிட்டு, நல்ல உறுப்பையும் தேயவைக்கிறார்.

இனி அந்தச் சூட்சுமத்துக்கு வருகிறேன். பழைய ஜீப்பின் பாக்ஸுக்குள், ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. குறுக்கே வரும் ஒரு தண்டிலுள்ள நெம்புகோலில், நுனி சரிந்த இரண்டு முளைகள் அந்தப் பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உருளை சுழன்று முளைகளைத் தள்ள, குறுக்குத்தண்டு திரும்பி, வெளியிலுள்ள டிராப் ஆர்மை முன்னும் பின்னும் அசைக்கிறது. இதுவரை எந்தப் புத்தகத்திலும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதன் ஆழம் ஒரே சீராக இல்லையென்பது தெரியவரும். வண்டி நேராகச் செல்லும்போது முளைகள் நிற்கும் நடுப்பகுதியில் மட்டும் பள்ளத்தை வேண்டுமென்றே ஆழம் குறைத்து வெட்டியிருக்கிறார்கள். ஓரங்களில் முளைக்குச் சற்றே இடம் உண்டு. நடுவில் மட்டும் இறுக்கமாக ஒரு மேடு.

இதைச் செய்தவர்களின் தீர்க்க தரிசனத்தை எண்ணிப் பாருங்கள். வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியும் நேராகவே ஓடுகிறது; ஆகையால் முளையும் பள்ளமும் உரசித் தேய்வது பெரும்பாலும் நடுவில்தான். பள்ளம் முழுவதும் ஒரே ஆழமாக இருந்திருந்தால், நடுவில் ஏற்பட்ட தேய்மானத்தைச் சரிக்கட்டத் திருகை இறுக்கியதும், தேயாத ஓரங்களில் முளைகள் சிக்கிக்கொள்ளும். முழுதாகத் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகிவிடும். நடுவில் கூடுதலாக விட்டுவைத்த அந்த மேடு, பிற்காலத்துத் தேய்மானத்துக்கென்று முன்கூட்டியே சேமித்து வைத்த உலோகம். மேடு தேயத் தேய, திருகு நெம்புகோலை உள்ளே தள்ளி, சரிந்த நுனியுடைய முளைகளைப் பள்ளத்தில் இன்னும் ஆழமாக இறக்குகிறது. ஓரங்களோ அப்போதும் தாராளமாகவே இருக்கின்றன.

ஓரத்தில் இடம் விட்டால் வளைவில் ஆட்டம் இராதா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. நம்முடைய வண்டிக்காரரின் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வளைவில் திரும்பியிருக்கும் முன்சக்கரங்களைத் தரையின் எதிர்ப்பு எப்போதும் நேராக்கவே முயல்கிறது. அந்த விசை டை ராட், டிராக் லிங்க், பாக்ஸ் வரை தொடர் முழுவதையும் ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்திருப்பதால், எந்த இணைப்பிலுள்ள இடைவெளியும் ஒரு புறமாக ஒதுங்கி, இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. நேர்ச்சாலையில் அந்த விசை ஏறக்குறைய இல்லை. சாலையின் சிறு மேடுபள்ளமும் பக்கக்காற்றும் சக்கரத்தை ஒரு கணம் இடமும் மறுகணம் வலமுமாகத் தள்ள, இடைவெளிகள் அத்தனையும் அந்தக் கணத்தில் திறந்துகொள்கின்றன. திம்பத்தில் உறுதியாயிருந்த வண்டி சாமராஜநகர்ச் சமவெளியில் அலைவதற்கு இதுவே காரணம். வண்டி மலையில் நன்றாகப் போகிறதென்பதைக் கொண்டு ஸ்டீயரிங் நலமாயிருக்கிறதென்று முடிவு கட்டலாகாது, பரீட்சை நேர்ச்சாலையில்தான்.

இவ்வகைப் பாக்ஸுக்கு ராஸ் பாக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் இந்தியானா ராஜ்யத்தின் லஃபாயெட் நகரில் 1906-இல் டேவிட் ராஸ் என்பவர் தொடங்கிய கம்பெனியின் பெயரே இதற்கும் வந்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான ராஸ், அவ்வூரையடுத்த பர்டியூ சர்வகலாசாலையில் 1893-இல் இன்ஜினீயரிங் பட்டம் பெற்றவர். ஸ்டீயரிங் பாக்ஸ்கள் செய்து பொருளீட்டிய அவர், பிற்காலத்தில் அதே சர்வகலாசாலையின் நிர்வாக சபைக்குத் தலைவராகி அதற்கு வாரி வழங்கினார். அங்கே 1924-இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கம், அவர் பெயரையும் எழுத்தாளர் ஜார்ஜ் ஏட் பெயரையும் சேர்த்து, ராஸ்-ஏட் என்று இன்றளவும் வழங்குகிறது. பந்தாட்டம் பார்க்க அங்கே கூடுகிற ஜனத்திரளுக்கும், கௌதள்ளிப் பக்கம் மேட்டில் ஏறுகிற ஒரு பழைய ஜீப்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நிற்க. மேடு நடுவில் இருக்கிறது என்ற ஒரு விஷயத்திலிருந்து திருகைத் தொடுவதற்கான விதிகள் எல்லாம் தாமாகவே பிறக்கின்றன. முதலாவது, டிராக் லிங்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றிவிட வேண்டும்; சக்கரங்களின் பாரம் கூடவே இருந்தால் பாக்ஸின் நிஜமான இறுக்கம் கைக்குத் தெரியாது. இரண்டாவது, ஸ்டீயரிங் தண்டு தானே மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் அதை ஷிம் தகடுகளால் முதலில் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதி திருப்பி, நடுவில் நிறுத்த வேண்டும். அதன் பிறகே லாக் நட்டைத் தளர்த்தி, நடுவைக் கடக்கும்போது கைக்கு மெல்லிய ஒரு பிடிப்புத் தெரியும்வரை திருகை இறுக்கி, லாக் நட்டை மீண்டும் முடுக்க வேண்டும். சக்கரங்கள் திரும்பியிருக்கும் நிலையில், அங்கே ஆட்டம் தெரிகிறதே என்று இறுக்கினால், நடுவுக்கு வரும்போது முளைகள் மேட்டில் நசுங்கும். பிறகு வளைவு திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. கொண்டையூசி வளைவில் அது உயிருக்கே ஆபத்து.

ஆனால் இவ்வளவும் குற்றவாளி பாக்ஸ்தான் என்று நிரூபணமான பிறகு செய்ய வேண்டியவை. நிரூபிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். கருவி எதுவும் வேண்டியதில்லை. வண்டி ஜாக்கியில் தூக்கப்படாமல், நான்கு சக்கரங்களும் சமதளத்தில் பாரம் தாங்கி நிற்க, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டறையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். கீழிருந்து மேஸ்திரி சொன்னார்: “சார், ஓட்டுற மாதிரி திருப்பாதீங்க. சக்கரம் அசையப்போற இடத்துல நிறுத்தி, திரும்ப இந்தப் பக்கம் வாங்க. மெதுவா, விடாம செய்ங்க. எது முதல்ல சும்மா நிக்குதுன்னு நான் பாத்துச் சொல்றேன்.”

எது முதலில் சும்மா நிற்கிறது என்பதுதான் முழு வித்தையும். ஸ்டீயரிங் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் சும்மா நின்றால், ஆட்டம் பாக்ஸில். ஆனால் அப்படித் தீர்ப்பளிக்குமுன், பாக்ஸ் முழுவதும் சட்டத்தின்மேல் நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தோ, அவ்விடத்தில் சட்டமே விரிசல் கண்டோ இருந்தால், திருகை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. டிராப் ஆர்ம் அசைந்து டிராக் லிங்க் தாமதித்தால், அதன் முனைப் பந்து தேய்ந்திருக்கிறது. டிராக் லிங்க் அசைந்து, பழைய ஜீப்பின் முன் குறுக்குச் சட்டத்திலுள்ள பெல் கிராங்க் திரும்புவதற்குப் பதிலாகத் தன் முளையில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால், குற்றம் அதனுடையது. பாக்ஸிலிருந்து வரும் அசைவை இரு சக்கரங்களுக்கும் பங்கிடுகிற உறுப்பாதலால், அங்கே ஏற்படும் சிறு தளர்ச்சி இரு பக்கமும் பாதிக்கும். கிரீஸ் காணாத வண்டிகளில் முதலில் தேய்கிற இடங்களுள் அதுவும் ஒன்று. பெல் கிராங்க் ஒழுங்காகத் திரும்பியும் டை ராட் பின்தங்கினால் எண்டை மாற்ற வேண்டும். அந்த வண்டிக்காரருடைய ஜீப்பில் டிராப் ஆர்ம் உடனுக்குடன் அசைந்தது. டிராக் லிங்கும் அசைந்தது. பெல் கிராங்க் சாய்ந்தது. பாக்ஸின் திருகை யாரும் தொடவில்லை. பெல் கிராங்கின் முளையும் பேரிங்கும் மாறிய பிறகு, சாக்பீஸ் கோட்டிலிருந்து நூல் விலகும் தூரம் பாதிக்கும் கீழே குறைந்தது.

எஞ்சிய பாதியில் கிங்பின்னுக்கும் ஒரு பங்கு உண்டு; ஸ்பிரிங் ஷேக்கிளின் புஷ் தேய்ந்து அச்சே பக்கவாட்டில் நகர்ந்தாலும் ஸ்டீயரிங் ஆடுவதுபோலவே இருக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தால், பேரிங்கையும் கிங்பின்னையும் எப்படி வேறுபடுத்தலாம் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். இடம் இருந்தால் அம்பாசிடரின் ராக்கையும் அதிலேயே முடிப்போம். அதற்குள் வாசகர்கள் தத்தம் வண்டிகளில் நூலும் சாக்பீஸும் கொண்டு அளந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, எந்த இணைப்பு முதலில் சும்மா நிற்கிறதென்பதை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தால், அடுத்த வாரத்துக்குரிய வேலையில் பாதியை இப்போதே முடித்தவர்களாவார்கள்.