மேட்டின் உயரமும் பொன்னின் அளவும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் அமைந்த பழைய சுரங்கப் பகுதிகளுள் பாலகாட்டும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தன. ஆடவர் நிலத்தின் அடியில் பாறையை உடைத்து மேலே அனுப்பினர். ஆலையில் அப்பாறை பொடியாக்கப்பட்டு, அதிலிருந்து பொன் பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சிய மண் ஓரிடத்தில் கொட்டப்பட்டது. அதுவே இன்று 'சயனைடு மேடு' என்னும் பெயரில் குன்றுபோல் உயர்ந்து நிற்கிறது.

மேடு உயரமானது என்பதனால் அதில் பொன் மிகுதி என்று தங்கவயலில் எவரும் எண்ணுவதில்லை. ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் பொன் உள்ளது? அதை வெளியே எடுக்க எவ்வளவு செலவாகும்? இவ்விரண்டு கணக்குகளே ஒரு சுரங்கத்தின் மதிப்பை முடிவு செய்தன. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் பல பத்துக் கிராம் பொன் கிடைத்தது. பிற்காலத்தில் அது சில கிராமாகக் குறைந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. பொன்னின் மதிப்பை விட அதை எடுக்கும் செலவு மிகுந்தபோது, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்னும் இக்கணக்கு பொன்னுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியில் விலை கொடுத்து வாங்கும் சாகச விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும்.

சாகச விளையாட்டு எவ்வாறு தோன்றியது?

சாகச விளையாட்டு என்பது கதையின் வழியே நடந்து, புதிர்களை விடுவித்து, அறியாத இடங்களைக் கண்டறியும் விளையாட்டு. இதில் விரைவை விடச் சிந்தனைக்கே முதலிடம். இவ்வகைக்குப் பெயர் தந்த விளையாட்டு நிலத்தடியில் பிறந்தது என்பது தங்கவயல் மாணவர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

வில் குரோதர் என்பவர் அமெரிக்கக் கணினி வல்லுநர். கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையில் இறங்கி, அதன் வழிகளை வரைபடமாக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். தம் இரு மகள்களும் விளையாடுவதற்காக, 1970-களின் நடுவில் அக்குகையை அடிப்படையாகக் கொண்டு ஒரு கணினி விளையாட்டை எழுதினார். 1977-இல் டான் உட்ஸ் என்னும் மாணவர் அதை விரிவுபடுத்தினார். 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்று அது பெயர் பெற்றது.

அதில் படம் இல்லை, ஒலியும் இல்லை. திரையில் தோன்றும் வருணனையைப் படித்து, ஓரிரு சொற்களில் கட்டளை தட்டச்சு செய்யவேண்டும். கையிலுள்ள விளக்கு ஒரு காலத்துக்கு மேல் எரியாது. குகைக்குள் ஒரு பெரிய பொன்கட்டி கிடைக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு, வந்த படிவழியே மேலே ஏற இயலாது. வேறு வழியைச் சிந்தித்துக் கண்டறியவேண்டும். இந்த விளையாட்டு விலையின்றிக் கணினி விட்டுக் கணினி பரவியது. படமே இல்லாத விளையாட்டு ஒரு புதிய வகைக்கே பெயராக நிலைத்தது என்றால், விளையாட்டின் சிறப்பு புறத்தோற்றத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவாகும்.

இருவகை விலை

இக்காலக் கைப்பேசி விளையாட்டுகள் இரண்டு வழிகளில் பணம் பெறுகின்றன. ஒன்று, தொடக்கத்திலேயே ஒரு விலை கொடுத்து முழு விளையாட்டையும் வாங்குவது. மற்றொன்று, இலவசமாகத் தரவிறக்கச் செய்து, பின்னர் சிறிது சிறிதாகப் பணம் கேட்பது. இரண்டாம் வகையில் விளம்பரங்கள் இடையிடையே வரும். உயிர், நாணயம், திறவுகோல் முதலியவை தீர்ந்துபோகும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கட்டவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு விளையாட்டின் விலை 399 ரூபாய். அதற்கு மேல் அது எதுவும் கேட்பதில்லை. மற்றொன்று இலவசம். ஆனால் அதில் விளக்குக்கு எண்ணெய் நிரப்ப ஒவ்வொரு முறையும் 20 ரூபாய் ஆகிறது. வாரத்துக்கு இருமுறை நிரப்பினால் 40 ரூபாய். 12 வாரங்களில் 480 ரூபாய் செலவாகும். அப்போதும் கதை முடிந்திருக்காது. 'இலவசம்' என்ற சொல் முதற்படிக்கு மட்டுமே உரியது. கணக்கை இறுதிப்படி வரை பார்க்கவேண்டும்.

சில விளையாட்டுகள் அதிர்ஷ்டப் பெட்டிகளையும் விற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே அவற்றை வாங்கவேண்டும். இது சூதாட்டத்தை ஒத்தது என்று கருதி, பெல்ஜியம் நாடு 2018-இல் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவித்தது. கதையைச் சொல்லி விலை பெறுவது வேறு. ஆசையைத் தூண்டிப் பணம் பறிப்பது வேறு.

நேரம் சரியான அளவுகோலா?

'எத்தனை மணி நேரம் விளையாடலாம்?' என்பதே வாங்குவோர் பலர் கேட்கும் முதற்கேள்வி. விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்ப்பாரும் உண்டு. இம்முறை எளிது, ஆயினும் முழுமையானதன்று.

'மான்யுமென்ட் வேலி' என்னும் கைப்பேசி விளையாட்டு 2014-இல் வெளிவந்தது. ஐடா என்னும் சிறுமி, கண்ணை ஏமாற்றும் வியப்பான கட்டடங்களின் வழியே நடந்து செல்வாள். கட்டடத்தைத் திருப்பினால் இல்லாத பாதை தோன்றும். இதை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தொடக்கத்தில் அதன் விலை 4 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டில் புதிய பகுதிகள் தனி விலையுடன் வந்தபோது, மீண்டும் பணம் கேட்பதா என்று சினந்து பலர் ஒரே ஒரு விண்மீன் மதிப்பீடு அளித்தனர்.

அவ்விளையாட்டை உருவாக்கிய அஸ்டூ நிறுவனம் 2015-இல் தன் கணக்கை வெளியிட்டது. எட்டுப் பேர் கொண்ட குழு 55 வாரங்கள் உழைத்தது. 8,52,000 டாலர் செலவாயிற்று. விளையாடுவோருக்கு இரண்டு மணி நேரம். உருவாக்கியோருக்கு ஓராண்டுக்கும் மேல். நேரத்தை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு இவ்வுழைப்பு தெரியாது.

இதற்கு மாறாக, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து நூறு மணி நேரம் நீட்டப்படும் விளையாட்டுகளும் உள. அவை சயனைடு மேடு போன்றவை. உயரம் பெரிது, உள்ளிருக்கும் பொன் சிறிது.

'வெண்பா' காட்டும் உண்மை

கைப்பேசிக்கென அல்லாமல், கணினிக்கும் வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்குமாக வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டும் இங்கு எண்ணத்தக்கது. கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் இதை உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரும், அவர்தம் மகன் கவினும் இதன் கதைமாந்தர். தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துபோய்விட்டது. இட்லி, புட்டு முதலியவற்றின் செய்முறையில் விடுபட்ட படிகளை விளையாடுபவர் ஊகித்து நிறைவு செய்யவேண்டும். மகன் வளர வளரத் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்வதும், தாயின் தவிப்பும் கதையாக விரிகின்றன.

இதை முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். விலையோ 15 டாலர். மணிக்கணக்கால் வகுத்தால் இது விலையுயர்ந்தது. ஆயினும் 2024-இல் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான பரிசை இது வென்றது. சொந்த மண்ணை விட்டு வந்த குடும்பத்தின் கதை பாலகாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் புதியதன்று. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் அவர்கள், இவ்விளையாட்டில் தம் வீட்டையே காணக்கூடும். விளையாடி முடித்த பின்னும் மனத்தில் எஞ்சி நிற்பதே ஒரு விளையாட்டின் பொன். அதே வேளையில், ஒருவருக்குப் பொன்னாக இருப்பது மற்றொருவருக்கு அவ்வாறு இராமலும் போகலாம். ஆகவே தம் விருப்பத்தை அறிந்து வாங்குவதும் தேவை.

திருப்பித் தரும் உரிமையும் நேர்மையும்

வாங்கிய விளையாட்டு பிடிக்காவிட்டால், விலையைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூகுள் பிளே கடையிலும் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் பெற வாய்ப்புண்டு.

இவ்வசதி ஏமாற்றத்திலிருந்து காப்பதற்கு ஏற்பட்டது. ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுவதும் ஆடி மகிழ்ந்துவிட்டு, பணத்தையும் திரும்பப் பெறுவது நேர்மையாகுமா? 2021-இல் எமிகா கேம்ஸ் என்னும் சிறு தயாரிப்பாளர், தம் குறுகிய விளையாட்டைப் பலர் பாராட்டியும் மிகுதியானோர் இவ்வாறு திருப்பிவிட்டதால், தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். உணவை முழுதும் உண்டபின் காசைத் திருப்பிக் கேட்பதை எந்த உணவகமும் ஏற்காது. திருட்டுப்படியைத் தரவிறக்குவதும் இத்தகைய தவறே. மேலும், அதனுடன் கைப்பேசிக்குள் தீய நிரல்களும் நுழையக்கூடும்.

வாங்குமுன் காணவேண்டியவை

1. முழுச்செலவு: கடைப்பக்கத்தில் 'செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு' என்னும் குறிப்பு உள்ளதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், அவ்வாறு விற்கப்படும் பொருள்களின் விலை வரம்பையும் படிக்கவேண்டும்.

2. கருத்துரைகள்: ஐந்து விண்மீன் அளித்தோர் பெரும்பாலும் புகழ்வர், ஒன்று அளித்தோர் சினந்து எழுதுவர். மூன்று அளித்தோரே நிறைகுறை இரண்டையும் சொல்வர். அண்மையில் எழுதப்பட்டவற்றையே முதலில் படித்தல் நன்று.

3. முன்னோட்டம்: முதற்பகுதியை இலவசமாக ஆட விடும் விளையாட்டுகள் உண்டு. விளம்பரப் படத்தை விட, ஒருவர் உண்மையில் ஆடும் காணொளி நம்பத்தக்கது.

4. கைப்பேசியின் தகுதி: சேமிப்பிடம் போதுமா, இணையம் இன்றி இயங்குமா என்பவற்றையும் அறியவேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குத் தொடர்வண்டியில் செல்வோர், வழியில் இணையத் தொடர்பு அறுந்துபோவதை அறிவர்.

5. வயதும் பெற்றோர் இசைவும்: வயதுக்கேற்றதா என்னும் குறியீட்டைக் காணவேண்டும். பெற்றோரின் கடவுச்சொல்லைக் கேளாமல் பணம் செலுத்துதல் கூடாது.

6. காத்திருத்தல்: விலை பெரும்பாலும் விழாக் காலங்களில் குறையும். ஒரு வாரம் கழித்தும் விருப்பம் மாறாதிருந்தால் வாங்கலாம். மறந்துபோனால், அது வேண்டாததே.

கணக்கின் மறுபக்கம்

சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலைச் சேர்ந்தோர் பலர் நாள்தோறும் விடியற்காலையில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். பிள்ளைகள் விளையாட்டுக்குக் கொடுக்கும் பணம் அவ்வுழைப்பிலிருந்து வருவது. அதற்காக விளையாட்டே கூடாது என்பதில்லை. நல்ல நூலுக்கும் நல்ல திரைப்படத்துக்கும் விலை கொடுப்பது போலவே, நல்ல விளையாட்டுக்கும் விலை கொடுக்கலாம். வீட்டில் உழைப்பவரின் பணமும் விளையாட்டை உருவாக்கியவரின் உழைப்பும் வீணாகாத வகையில் வாங்குவதே முறையாகும்.

சொல்லும் பொருளும்

வருணனை – காட்சியைச் சொற்களால் விளக்குதல்
இணையர் – கணவனும் மனைவியும்
இசைவு – ஒப்புதல்
புறத்தோற்றம் – வெளித்தோற்றம்

பயிற்சி

1. சயனைடு மேடு எவ்வகை விளையாட்டுக்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது? ஏன்?

2. 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' யாருக்காக, எதனை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது?

3. ஓர் இலவச விளையாட்டில் வாரத்துக்கு 35 ரூபாய் வீதம் 16 வாரங்கள் செலவழித்தால் மொத்தம் எவ்வளவு? 450 ரூபாய்க்கு ஒரே முறை வாங்கும் விளையாட்டுடன் ஒப்பிட்டு எழுதுக.

4. ஒரு விளையாட்டை முழுவதும் ஆடி முடித்தபின் பணத்தைத் திரும்பப் பெறுவது சரியா? நும் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

5. வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் சிறுவயதில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிந்து, அதன் விதிகளைத் தமிழில் எழுதி வருக.