கம்பு தின்னச் சொல்வது சுலபம்

கரிசல் காட்டு உடம்பு – 9

தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் முதுகுவலியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பெண்களின் கைப்பையில், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் மாத்திரை அட்டைக்கு இந்த வாரம் வருவோம். கோவில்பட்டி வட்டாரத்தில் 'சுகர்', 'பிரஷர்' என்ற இரண்டும் இப்போது மழை, விளைச்சல்போல அன்றாடப் பேச்சாகிவிட்டன. டவுன் பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், யாருக்கு எவ்வளவு சுகர் என்ற கணக்கு வந்து விழும்.

தமிழகத்தில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் 2020இல் அரசு நடத்திய ஆய்வு, 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பும் 17.6 சதவீதம் பேருக்கு நீரிழிவும் இருப்பதாகச் சொன்னது. அதைவிடக் கவலை தருவது அடுத்த கணக்கு. கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம். நோய் இருப்பதே தெரியாதவர்கள் பாதி, தெரிந்தும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் மீதி என்று ஊரில் பேசிக்கொள்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்த நிலையில் வந்ததுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகாதாரத் துறையின் திட்டம்தான். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டுபவர் சுகாதாரத் துறை ஊழியர் அல்ல, மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர். கையில் பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, மாத்திரைப் பை. "சித்தி, போன மாசத்து மாத்திரை தீந்துருச்சா, இல்ல டப்பாவுலயே கெடக்கா?" என்று அவர் கேட்கும்போது பொய் சொல்ல முடியாது. ஒரே தெரு, யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியும். சேமிப்புக்காக உண்டான குழுவும் மருந்துக் கிடங்கும் கைகோத்ததால் கிடைத்த பலன் இது. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆனால் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. தன்னார்வலர் வருகிற நேரத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். காலையிலேயே கம்பெனி வண்டி வந்து பெண்களை ஏற்றிப் போய்விடும், திரும்ப இருட்டிவிடும். அப்படியானால் பரிசோதனை போக வேண்டிய இடம் தீப்பெட்டி ஆபீஸ்தான். தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்' 2024இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது நடக்க முதலாளி ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியைப் பிடிக்காமலும் இருக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் என்பது காசு. இதை எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. அது முதலாளிகள் சங்கம் எடுக்க வேண்டிய முடிவு. 14 வருடமாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியை 2021 டிசம்பரிலிருந்து இரண்டு ரூபாயாக்க எல்லாச் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தவைதானே?

இதுவரை சொன்னதெல்லாம் வந்த நோயைப் பிடிப்பது. வராமல் தடுப்பதுதான் பெரிய வேலை. அது ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நடப்பதில்லை.

"அரிசியக் கொறைங்க, கம்பு சோளம் சேத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்கிறார். கரிசல் மண்ணில் நின்றுகொண்டு சொல்கிறார். கம்மங்கஞ்சியும் சோளக்களியும் குதிரைவாலிச் சோறும் தின்று வளர்ந்த ஊர் இது. இன்று கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் சுற்றிலும் புரட்டாசிப் பட்டத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளம். அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பும் சோளமும் கதிர் பிடித்தால் விடியற்காலையிலிருந்து குருவி விரட்ட ஆள் வேண்டும். மக்காச்சோளக் கதிரை மட்டை மூடியிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. குதிரைவாலியை உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, உமி போகாமல் மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து இருட்டித் திரும்பும் பெண் அதைச் செய்வாளா? ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த அரிசி பசியைத் தீர்த்தது. அதைப் பழிப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் அதே கடையில் கம்பும் கிடைத்தால் என்ன? நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2023 மே மாதம் முதல், அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. அந்த வழி கரிசலுக்கும் பொருந்தும். கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விதைக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒரு உமி நீக்கும் இயந்திரம், கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல், ரேஷன் கடையில் ஒரு மூட்டை. இந்த மூன்றும் மூன்று வேறு துறைகளின் கையில் இருக்கின்றன.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பின்லாந்தைச் சொல்கிறேன். வடக்குக் கரேலியா என்ற மாநிலத்தில் ஆண்கள் நடு வயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவமனையில் கட்டில் கூட்டவில்லை. வெண்ணெயும் கொழுப்பும் குறைந்த சமையலை வீட்டுப் பெண்கள் சங்கம் கற்றுத் தந்தது. பால் பண்ணைகள் கொழுப்புக் குறைந்த பாலுக்கு மாறின. பால் தொழிலில் நட்டப்பட்ட விவசாயிகள் பழச்செடிப் பயிருக்குப் போக உதவி கிடைத்தது. சில பத்தாண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் எட்டயபுரம். காமராஜர் 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அங்கேதான். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். ஊர்க்காரர்கள் தானியமும் பணமும் தந்தார்கள், ஆசிரியர்கள் பொறுப்பேற்றார்கள். பள்ளிப் பிள்ளையின் பசி என்பது கல்வித் துறையின் பாடு மட்டுமல்ல என்று இந்த மண்ணுக்கு அன்றே தெரிந்திருந்தது.

சுகரும் பிரஷரும் அப்படித்தான், சுகாதாரத் துறையின் பாடு மட்டுமல்ல. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்தில் சாலை, குடிநீரோடு சேர்த்து மூன்று தீர்மானம் கேளுங்கள். ஊரைச் சுற்றி நடக்கும் பாதைக்குத் தெருவிளக்கு. சுகருக்கும் பிரஷருக்கும் நடப்பது நல்லதுதான், ஆனால் இருட்டில், நாய்க்குப் பயந்து எந்தப் பெண்ணும் நடக்கப் போவதில்லை. மகளிர் குழுவுக்கு உமி நீக்கும் இயந்திரம். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில், கூலிப் பிடித்தம் இல்லாமல் வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

(தொடரும்)