கணினியின் உறுப்புகளும் அவற்றின் பெயர்களும்

அட்டன் வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் வண்டியை விட்டிறங்கிப் படியேறத் தொடங்கும் இடம் நல்லதண்ணி. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை ஈறாகக் கடைகளும் விளக்குகளுமாய்ப் பொலியும் இச்சிற்றூர், எஞ்சிய திங்களில் மழைக்கும் மூடுபனிக்கும் உரியதாகிவிடும். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இத்தகைய மலையடியூரிலும் கணினி இன்று வீட்டுப்பொருளாகி வருகின்றது. அதனை வாங்கினோர் அதன் உறுப்புகளின் பெயரையும் தொழிலையும் அறியாராயின், பழுது நேர்ந்தவிடத்துப் பழுதுபார்ப்பவன் சொல்வதே முடிந்த முடிபாகும். சிறியதொரு மின்கலத்தால் தீரும் குறைக்குத் தாய்ப்பலகையையே மாற்றுமாறு நேரின், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அஃது எளிதில் ஈடுசெய்யத்தக்க இழப்பன்று.

முதற்கண் நீக்கத்தக்க மயக்கம் ஒன்றுளது. மேசைக் கணினியின் பெட்டி முழுவதையும் ‘சீ.பீ.யூ.’ என வழங்குவோர் பலர். பெட்டி வெறும் கூடே. அதனுள்ளே தாய்ப்பலகை என்னும் அகன்ற பலகை உண்டு. ஏனைய உறுப்புகள் யாவும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளன. அப்பலகையின்மேல் உள்ளங்கையில் அடங்கும் சில்லொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுவே சீ.பீ.யூ. எனப்படும் மையச் செயலி. கூட்டல், கழித்தல், ஒப்பிடல் ஆகிய மிக எளிய தொழில்களையே அது செய்கின்றது. ஆயினும் நொடியொன்றில் பல கோடி முறை செய்கின்றது. 1971 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்ரர்களே இருந்தன. இன்றைய செயலிகளில் அவை பல நூறு கோடியாகும்.

செயலியை அடுத்து அறியத்தக்கவை நினைவகமும் சேமிப்பகமும் ஆம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். தோட்டத்து வழக்கொன்று இதனை விளக்கப் போதியது. கொய்த கொழுந்து கூடையினின்று மடுவத்திற் கொட்டப்பட்டு, நிறுக்கப்பட்டு, லொறியேறிச் செல்கின்றது. மடுவம் கொழுந்து தங்கிச் செல்லும் இடமேயன்றி இருப்பிடமன்று. மாலையில் அது வெறுமையாய்க் கிடக்கும். ‘ராம்’ எனப்படும் நினைவகமும் அத்தன்மைத்து. செயலி அவ்வேளை கையாளும் பொருள் மட்டுமே அங்கே தங்கும். தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்குவது தேயிலைத் தொழிற்சாலையை ஆதலின், கணினியில் அதற்கு ஒப்பாவது செயலியேயன்றிச் சேமிப்பகமன்று; சொல்லொப்புமை கண்டு மயங்கலாகாது. பதப்படுத்திப் பெட்டியிலடைத்த தேயிலையை அடுக்கிவைக்கும் அறையே சேமிப்பகம்.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. மின்னோட்டம் நின்ற கணத்தில் நினைவகத்திலிருந்தவை அனைத்தும் அழியும், சேமிப்பகத்திலிருப்பவை அழியா. 2022 மார்ச்சு 31 ஆம் நாள் இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. (இம்மலைகளின் நீரே லக்சபானப் பகுதி நிலையங்களில் மின்னாகின்றது என்பதை எண்ணின், மலைநாட்டார் அன்று இருளிலிருந்தமை விந்தையே.) அத்தகைய வேளையில், தட்டெழுதியதைச் சேமியாதிருந்த மாணவனின் கட்டுரை மீளாது, சேமித்திருந்தால் மீளும். மடிக்கணினிக்கு உள்ளேயே மின்கலம் உண்டாதலின் இவ்விடர் குறைவு. மேசைக் கணினிக்கு யூ.பீ.எஸ். என்னும் இடைக்கால மின்வழங்கி இன்றியமையாதது.

இவற்றின் அளவு பைட்டு என்னும் அலகாற் கூறப்படும். இணையத்தில் வழங்கும் முறைப்படி தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டு வேண்டும். ‘நல்லதண்ணி’ என்னும் சொல்லில் எழுத்து ஆறெனினும், புள்ளி இரண்டும் இகரக்குறியும் தனித்தனியே எண்ணப்படுதலின் குறிகள் ஒன்பதாகும். எனவே 27 பைட்டு. கிகாபைட்டு என்பது ஏறத்தாழ நூறு கோடி பைட்டு. கடையில் ‘8’ என்றும் ‘500’ என்றும் இரு எண்கள் சொல்லப்படின், முன்னது நினைவகத்தையும் பின்னது சேமிப்பகத்தையும் குறிக்கும். படங்கள் நிறைந்து இடமில்லையெனக் கணினி கூறுமிடத்து ‘ராம்’ வாங்கிப் பயனில்லை.

சேமிப்பகம் இருவகைத்து. வன்தட்டில் காந்தப்பூச்சுடைய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். இயங்கும்போது கீழே விழின் கெடும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் உறுப்பு யாதும் இல்லை. ஆதலால் விரைவு மிகுதி. வன்தட்டில் ஒரு கோப்பினை நீக்கினால், அட்டவணையிலிருந்து அதன் பெயர் அகலுமேயன்றிப் பொருள் உடனே அழிவதில்லை. 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் நீர் வற்றுங்கால் வெளித்தோன்றுவது போல, நீக்கிய கோப்பும் தக்க மென்பொருளால் மீண்டு வரக்கூடும். ஆகவே தவறுதலாக நீக்கியவர் அத்தட்டில் மேலும் எதனையும் எழுதாது நிறுத்திவிடல் வேண்டும். கணினியை விற்போர்க்கும் இஃது எச்சரிக்கையாம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் நீக்கியவற்றைத் தானே விரைவில் துடைத்துவிடும். அங்கே மீட்சி அரிது.

வீட்டு மின்னோட்டம் 230 வோல்ற்று. மின்வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றி உறுப்புகளுக்கு அளிக்கின்றது. சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமழையில் ஆளியை அணைத்தல் மட்டும் போதாது. செருகியையே கழற்றல் வேண்டும். தொலைபேசிக் கம்பி இணைந்திருப்பின் அதனையும் கழற்றுக. மூடுபனியினூடே கொண்டுவந்த கணினியைச் சூடான அறையில் உடனே இயக்குதலும் தகாது. குளிர்ந்த உறுப்புகள்மேல் ஈரம் படியும். சிறிது நேரம் வாளாவிருக்க விட்டு இயக்குதலே நன்று.

மேலே சுட்டிய சிறு மின்கலம் நாணயம் போன்ற 3 வோல்ற்றுக் கலம், தாய்ப்பலகையிற் பதிந்திருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. அது வலுவிழந்தால் ஒவ்வொரு முறையும் கணினி பழைய ஆண்டொன்றைக் காட்டும். நாள் பொருந்தாமையால் வங்கி முதலிய பாதுகாப்புடைய தளங்கள் திறவா. இதனைக் கண்டு பலகை கெட்டதென்று கொள்வோர் உளர். அக்கலத்தை மாற்றி, நாளையும் நேரத்தையும் ஒருமுறை திருத்தி வைத்தால் குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.