கண்ணாடிக் குளம்

வீட்டின் ஒரு புறத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று அமைந்திருக்கின்றது. அதனுள்ளே பசுங்கொடிகளுக்கு இடையில் பொன்னிற மீன்களும் கருநிற மீன்களும் நீந்தித் திரிகின்றன. அவற்றின் அசைவில் ஓசை இல்லை; அவசரமும் இல்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் சிறிது நேரம் அத்தொட்டியின் முன் அமர்ந்தால், அவருடைய உள்ளம் அமைதி அடையும். சிறுவர்களோ அவ்விடத்தை விட்டு அகல மனம் கொள்ளார். ஆனால், அழகிய அக்காட்சியைக் கண்டு மகிழ்வோருள், அதன் பின்னே உள்ள பொறுப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. குளத்து மீனுக்கு இயற்கை காவல். தொட்டி மீனுக்கு அதனை வளர்ப்பவரே காவல்.

குளத்தின்மீது காற்று வீசுகின்றது. நீரின் மேற்பரப்பு அலைய, காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கலக்கின்றது. மழை புதுநீரைக் கொணர்கின்றது. கழிவுப் பொருள்களைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுகின்றன. வெயில் மிகுந்தால் மீன் ஆழத்திற்குச் சென்று குளிர்ச்சி பெறுகின்றது. ஓரிடத்து நீர் கெட்டால் வேறிடம் செல்கின்றது. தொட்டியிலுள்ள மீனுக்கு இவ்வசதிகள் இல்லை. அதன் உலகம் நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடங்கியது. ஆகவே, குளம் தானே செய்யும் பணிகளைத் தொட்டியில் சில கருவிகள் செய்தல் வேண்டும். அக்கருவிகளுள் ஒன்று நின்றுபோனால், அதன் வேலையைத் தொடர்ந்து செய்ய மற்றொன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மீன் வளர்ப்பின் அடிப்படை இதுவே.

இக்கலை வளர்ந்த வரலாறும் இவ்வுண்மையையே காட்டுகின்றது. இலண்டன் மாநகரில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், கண்ணாடிக் கலம் ஒன்றில் இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் வைத்து ஆராய்ந்தார். செடி வெளியிட்ட பிராணவாயு மீன்களுக்கு உதவியது. ஆனால், செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவ்விலைகளை உண்ணும் நத்தைகளை அவர் கலத்தில் விட்டார், நீர் தெளிந்தது. இவ்வாராய்ச்சியை அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீரும் உணவும் மட்டும் மீனுக்குப் போதா. கழிவை அகற்றுவதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1909-ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையிலும் ஒரு மீன் காட்சியகம் தோன்றியது. இன்று சென்னையிலுள்ள கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்று விளங்குகின்றது.

மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் கருத வேண்டுவது தொட்டியின் அளவாகும். சிறிய தொட்டியே எளியது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. சிறிதளவு நீரில் கழிவு விரைவில் மிகும். வெப்பமும் விரைவில் ஏறி இறங்கும். பெரிய தொட்டியில் இம்மாறுதல்கள் மெல்ல நிகழ்வதால், தவற்றைத் திருத்திக்கொள்ளக் காலம் கிடைக்கும். நீளம் 60 சென்டிமீட்டரும், அகலமும் உயரமும் 30 சென்டிமீட்டரும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 54 கிலோகிராம். கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றின் எடையும் அதனோடு சேரும். எனவே, உறுதியான சமதளத்தில் தொட்டியை வைத்தல் வேண்டும். நேர்வெயில் படும் இடம் ஆகாது, வெயிலால் நீர் சூடேறும், பாசியும் படரும். மீன்கள் சில வேளைகளில் துள்ளி வெளியே விழுவதுண்டு. ஆதலின், காற்றுப் புகும் இடைவெளியுள்ள மூடி ஒன்றும் வேண்டும்.

அடுத்து வேண்டுவது காற்றுப் பம்பு. அதனுள் ரப்பர்ச் சவ்வு ஒன்று விரைந்து அதிர்கின்றது. அவ்வதிர்வினால் தள்ளப்படும் காற்று மெல்லிய குழாய் வழியே சென்று, நுண்துளைகளையுடைய காற்றுக்கல்லின் மூலம் குமிழிகளாக வெளிப்படுகின்றது. அக்குமிழிகள் நீரை மேலெழச் செய்து, மேற்பரப்பை இடைவிடாது அலைக்கின்றன. அங்கேதான் பிராணவாயு பெரிதும் நீரில் கலக்கின்றது. நீர் வெப்பமடைய அடைய, அது கொள்ளும் பிராணவாயு குறையும். 20 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 30 பாகையில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமே கொள்ளும். கோடைக் காலத்தில் மீன்கள் மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு காரணமாகும். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் நன்று. கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பினுட் புகும். அதனைத் தடுக்கும் சிறு அடைப்பிதழ் கடைகளில் கிடைக்கும்.

கருவிகளுள் தலைமை வாய்ந்தது வடிகட்டியாகும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அகற்றுவதே வடிகட்டியின் வேலை என்று பலர் கருதுவர். கண்ணுக்குத் தெரியாத நஞ்சை நீக்குவதே அதன் பெரும்பணி. மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் பொருளை நீரில் விடுகின்றன. தின்னாது எஞ்சிய உணவு அழுகுவதாலும் அது உண்டாகின்றது. சிறிதளவு அம்மோனியாவும் மீனுக்குக் கேடு விளைக்கும். வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் கற்களிலும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறி வாழ்கின்றன. அவற்றுள் ஓர் இனம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. நைட்ரைட்டும் நஞ்சே. அதனை மற்றோர் இனம் நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரேட்டு மிகுதியாகச் சேர்ந்தாலன்றிப் பெருந்தீங்கு செய்யாது. வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுவதால் அதனைக் குறைத்துவிடலாம்.

இந்நுண்ணுயிர்கள் ஒரே நாளில் பெருகுவதில்லை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இதனை அறியாதோர், தொட்டி வாங்கிய அன்றே பல மீன்களையும் வாங்கி விடுகின்றனர். தெளிந்த நீரில் மீன்கள் ஒவ்வொன்றாக மடிவதைக் கண்டு, காரணம் அறியாது வருந்துகின்றனர். வேறு சிலர், வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கசக்கிக் கழுவுகின்றனர். குழாய் நீரிலுள்ள குளோரின் அந்நல்லுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை மெல்ல அலசுதல் வேண்டும்.

கிருமிகளை அழிப்பதற்காகக் குடிநீரில் குளோரின் கலக்கப்படுகின்றது. அது மனிதர்க்கு நன்மை. மீனின் செவுள்களுக்கோ தீமை. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். ஆனால், குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்து நீரைத் தூய்மை செய்யும் இடங்களில் இம்முறை பயன்படாது. அங்கே குளோரின் முறிப்பு மருந்தை உரிய அளவில் சேர்த்தல் வேண்டும். தொட்டி நீருக்கென ஒரு வாளி தனியே இருத்தல் இன்றியமையாதது. சோப்புப் பட்ட வாளி எக்காலத்தும் ஆகாது. அடியிலுள்ள கழிவை உறிஞ்சி எடுக்கும் குழாய், மென்மையான வலை, பாசி துடைக்கும் பஞ்சு, வெப்பமானி ஆகியவையும் வேண்டும். வெப்ப நாட்டு மீன்களுட் பல 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பத்தில் நலமாக வாழும். சென்னை போன்ற இடங்களில் ஆண்டின் பெரும்பகுதியில் வெப்பமூட்டி தேவையில்லை; உதகை போன்ற மலையூர்களில் அது இன்றியமையாதது.

இக்கருவிகளை வாங்கி அமைத்ததோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. கருவி என்பது என்றேனும் ஒரு நாள் பழுதடைவதே. அந்த நாள் இன்னது என்று அறிவித்து வருவதில்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வீழ்ந்தன. நகரின் பல பகுதிகளில் சில நாள்கள் மின்சாரம் இல்லை. இத்தகைய இரவில் தொட்டியில் நிகழ்வது யாது? பம்பின் ஓசை அடங்குகின்றது, குமிழிகள் நின்றுவிடுகின்றன. இருளில் செடிகளும் பிராணவாயுவைத் தாமே உட்கொள்கின்றன. சில மணி நேரத்தில் மீன்கள் மேலெழுந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் அவை பிழைக்கும். அதனை வாங்க அப்பொழுது கடை தேடினால், திறந்திருக்கும் கடை ஏது? வெள்ளம் வந்தபின் அணை கோல முனைவது போன்றதே அது.

ஆதலின், சில பொருள்களை முன்னரே வாங்கிச் சேமித்து வைத்தல் வேண்டும். மின்கலப் பம்பு ஒன்றும் அதற்குரிய புதிய மின்கலங்களும் அவற்றுள் முதன்மையானவை. பம்பிற்குரிய ரப்பர்ச் சவ்வு, காற்றுக்கல், குழாய்த் துண்டு, அடைப்பிதழ் ஆகியவை விலை மிகுந்தன அல்ல. ஆனால், அவற்றுள் ஒன்று இன்மையால் பெருந்தொட்டியும் பாழாகலாம். குளோரின் முறிப்பு மருந்து ஒரு புட்டி எப்பொழுதும் இருத்தல் வேண்டும். நீரில் அம்மோனியா, நைட்ரைட்டு ஆகியவற்றின் அளவை அறியும் சோதனைப் பொருள்களும் பயன் தரும். சிறிய தொட்டி ஒன்றும் கைவசம் வேண்டும். புதிதாக வாங்கிய மீன்களை அதில் இரண்டு முதல் நான்கு வாரம் தனியே வைத்து, நோயின்மை கண்டபின் பெருந்தொட்டியில் விடலாம். நோயுற்ற மீனையும் அதில் வைத்துப் பேணலாம். அத்தொட்டிக்கென வலை ஒன்றும் தனியே வேண்டும். ஒரே வலையைப் பயன்படுத்தினால் நோயும் உடன் செல்லும்.

கடையில் வாங்க இயலாத சேமிப்பும் ஒன்று உண்டு. பெருந்தொட்டியில் ஒன்றுக்கு இரண்டாகப் பஞ்சு வடிகட்டிகளை இயங்கவிட்டால், இரண்டிலும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறும். ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையைத் தாங்கும். சிறு தொட்டியை அமைக்க நேர்ந்தால், அவற்றுள் ஒன்றை எடுத்து அதில் வைத்துவிடலாம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை. உயிருள்ள இச்சேமிப்பு மற்றவற்றினும் சிறந்தது.

சேமிப்பு வேறு, குவிப்பு வேறு. மீனுணவைப் பெரிய டப்பாவில் வாங்கி நெடுநாள் வைத்தால், அதன் சத்துக் குறையும், பூஞ்சையும் பிடிக்கும். மருந்துகளும் குறித்த காலம் கடந்தால் பயன் தாரா. எனவே, ஓரிரு திங்களுக்கு வேண்டிய உணவை மட்டும் வாங்கி, ஈரம் படாது வைத்தல் தக்கது. சேமித்த பம்பையும் திங்களுக்கு ஒரு முறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். ஆபத்தில் இயங்காத கருவி இருந்தும் இல்லாததே.

இவை ஒன்றும் கைக்கு எட்டாத வேளையில் என் செய்வது? அப்பொழுதும் கைகள் உண்டு. சிறு குவளையால் தொட்டி நீரை முகந்து, சற்றே உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஊற்றினால் பிராணவாயு நீரில் கலக்கும். மின்சாரம் வரும்வரை உணவு இடலாகாது. உணவு இட்டால் நீர் கெடும். நலமுள்ள வளர்ந்த மீன்கள் சில நாள்கள் உணவின்றி இருக்கவல்லவை. மூடிய வடிகட்டி நெடுநேரம் நின்றிருந்தால், அதனுள் தேங்கிய நீரைக் கொட்டிப் பஞ்சை அலசிய பின்னரே மீண்டும் இயக்குதல் வேண்டும்.

மீனுக்குக் குரல் இல்லை. பசித்த கன்று கத்தும். நோயுற்ற நாய் முனகும். நீர் கெட்டுவிட்டது என்றோ, மூச்சு முட்டுகின்றது என்றோ மீன் சொல்ல அறியாது. அது சொல்லாததை வளர்ப்பவர் முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும். தொட்டியின் அடியிலுள்ள அறையில் ஒரு சவ்வும், ஒரு காற்றுக்கல்லும், இரண்டு மின்கலங்களும் பயன்படாமல் கிடக்கலாம். அவை வீண்பொருள்கள் அல்ல. வாயில்லா உயிரைக் குளத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தவர், அவ்வுயிருக்கு அளித்த உறுதிமொழியே அவை.