பேனல் போர்டு யார் வீட்டுப் பிள்ளை?

ப்ளாட்டில் குடியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. கீழே கார் நிறுத்தும் இடத்தில், துருப்பிடித்த கதவோடு ஒரு பேனல் போர்டு நிற்கிறதே, அது யாருடையது? 'ஈ.பி.யோடது', 'பில்டரோடது', 'அசோசியேஷனோடது' என்று மூன்று பதில்கள் வரும். 'என்னுடையது' என்று மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டார்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியில் இந்தப் பரீட்சை நிஜமாகவே நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய நாட்கள் அவை. தாமிரபரணி கரை ஏறி, சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் வாடகைக்கு இருந்த ப்ளாட்டில் போர்டு கழுத்தளவு முங்கிவிட்டது. வெள்ளம் ரெண்டு நாளில் வடிந்தது. சண்டை வடிய ரெண்டு மாசம் ஆச்சு!

மூணாவது மாடி அண்ணாச்சி: "எங்க வீட்டுக்குத் தண்ணியே ஏறலியே, நான் எதுக்குவே துட்டு கொடுக்கணும்?"

பில்டர் போனில்: "அது இயற்கைச் சீற்றம், தம்பி!"

லைன்மேன்: "மீட்டர் எங்களுது ஸார், பெட்டி உங்களுது."

பெங்களூரிலிருந்து என் வீட்டு ஓனர்: "கரண்ட்டை யூஸ் பண்றது நீங்கதானே?"

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்டது மெர்க்கன்டைல் லாவில் ஒரு வரிதான். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 26-வது பிரிவு: பொருள் யாருக்குச் சொந்தமோ, நஷ்டமும் பொதுவாக அவருக்கே. அது சரக்குக்கான சட்டம்தான். ஆனால் வெள்ளத்தின் மேல் கேஸ் போட முடியாதே! அதனால் 'யார் தப்பு?' என்பதை விட்டுவிட்டு 'யார் சொத்து?' என்று கேட்டால், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

முதலில் ஈ.பி. கம்பத்திலிருந்து வரும் சப்ளை லைன், அவர்கள் ஃப்யூஸ், மீட்டர் இவற்றைப் பத்திரமான நிலையில் வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. நம் கட்டுப்பாட்டில் உள்ள மெயின் ஸ்விட்ச், பேனல் போர்டு, வயரிங் நம் பொறுப்பு. 1956-ம் வருஷ மின்சார விதிகளிலேயே இருந்த எல்லைக்கோடு இது. மீட்டர் அவர்களுடையது என்றாலும், அது நம் இடத்தில் இருக்கிறவரை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நாம்.

அடுத்து நம்ம அண்ணாச்சி. பொது மின் அமைப்பு, தண்ணீர் அமைப்பு எல்லாம் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத சொத்து. 1994 சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. மூணாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, வாஸ்தவம். கரண்ட் ஏறுகிறதே! அது அந்தப் போர்டு வழியாகத்தானே போகிறது?

பில்டரும் முழுக்கத் தப்பிக்க முடியாது. 2016-ம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் வேலையிலோ தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். மழைக்கு அவர் பொறுப்பில்லை. மட்டமான வேலைக்குப் பொறுப்பு உண்டு.

இனி மேன்ஷனிலிருந்து ப்ளாட்டுக்கு பிரமோஷன் ஆன பேச்சிலர் தம்பிகளுக்கு! தமிழ்நாட்டின் 2017-ம் வருஷ வாடகைச் சட்டம் வேலையைப் பிரித்தே கொடுத்திருக்கிறது. வயரிங் மாற்றுவது ஓனர் கணக்கு. ஸ்விட்ச், ஸாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் கணக்கு. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறலாம். கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். நான் இதைச் சொன்னதும் பெங்களூர் லைன் 'டிஸ்டர்பன்ஸ்' ஆகிவிட்டது!

பணம் கிடக்கட்டும், உயிர் முக்கியம். நனைந்த போர்டை வெயிலில் காயவைத்து, ஹேர் டிரையர் பிடித்து, 'போட்டுத்தான் பார்ப்போமே' என்பவர் எல்லா ப்ளாட்டிலும் ஒருத்தர் உண்டு. அவரைக் கட்டிப்போடுங்கள். வெளியே உலர்ந்தாலும் உள்ளே வண்டல் இருக்கும், ஈரம் இருக்கும். ஈ.பி.க்குச் சொல்லி சப்ளையைத் துண்டித்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். முங்கிய எம்.சி.பி.யைத் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைக் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆற்றங்கரையில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பது சாமிக்கே தெரிந்திருக்கிறது. நம் பேனல் போர்டுதான் தரையோடு தரையாக நிற்கிறது! 2012-ல் சாண்டி புயல் வந்து, நியூயார்க் கட்டடங்களின் பேஸ்மென்ட்டில் இருந்த மின் கருவிகளும் இப்படித்தான் முங்கின. அதற்கப்புறம்தான் பல இடங்களில் மேலே ஏற்றினார்கள்.

ஆகவே, ஐப்பசி பிறப்பதற்குள் அசோசியேஷன் மீட்டிங்கில் மூன்று தீர்மானம் போடுங்கள். ஒன்று, போர்டை 2023 வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றுவது. மீட்டரை நகர்த்த ஈ.பி.யில் விண்ணப்பிக்க வேண்டும். ரெண்டு, கட்டடத்துக்கு வெள்ள இன்ஷூரன்ஸ். 2021-லிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிஸி வெள்ளம், புயல், இடி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. பொது போர்டும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று, மெயின்டனன்ஸில் மாசாமாசம் கொஞ்சம் எடுத்துத் தனி நிதி. பெயின்ட் அடிக்க வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

மீட்டிங்கை மட்டும் கார் ஷெட்டில், அந்தப் போர்டுக்கு எதிரிலேயே வையுங்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதன் முகத்தை ஒரு தடவையாவது பார்க்கட்டும்!